சரக்கும் கலமும்

கடல் வாணிகம் செய்து வாழ்ந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு ஓர் உண்மையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பண்டகசாலையில் எவ்வளவு உயர்ந்த சரக்கு குவிந்து கிடந்தாலும், அதை ஏற்றிச் செல்லக் கலம் இல்லையெனில் அக்கரையில் காத்திருப்பவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கலம் கிடைத்தும் அது துறை தவறிப் போய் ஒதுங்குமானால் அதுவும் நட்டமே. நாட்டு மருந்துக் கடைகளில் வேரையும் பட்டையையும் நாம் சரக்கு என்றே குறிப்பிடுகிறோம். கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்க்குத் தாவரங்களில் மருந்து தேடிய வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்தச் சரக்கும் கலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. சரக்கு பலமுறை அகப்பட்டது. கலம் கட்டத் தெரிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. கட்டிய கலங்களும் சேரவேண்டிய துறையைச் சேர இன்றும் தடுமாறுகின்றன.

இவ்வரலாற்றை எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் தந்தைக்கோ தாய்க்கோ கல்லீரலில் புற்று என்ற செய்தி வந்து விழுந்ததும், உறவினர் ஒவ்வொருவரும் ஒரு மூலிகையின் பெயரோடு வருகின்றனர். ஒருவர் கீழாநெல்லி என்பார். இன்னொருவர் மஞ்சள் என்பார். அண்மைக் காலத்தில் 'நானோ' என்ற சொல்லை ஒட்டிக்கொண்ட மாத்திரைக் குப்பிகளும் வந்துவிட்டன. அவையெல்லாம் அன்பினால் சொல்லப்படும் யோசனைகளே. ஆயினும் அன்பு மட்டும் மருந்தாகிவிடாது. எது மெய்ப்பிக்கப்பட்டது, எது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதைப் பிரித்து அறிவது குடும்பத்தினர் கடமை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 8,66,000 பேருக்குக் கல்லீரல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7,58,000 பேர் அந்நோயால் இறந்தனர். இவ்விரு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே நோயின் கடுமை புலப்படும்.

கீழாநெல்லி தந்த நம்பிக்கை

மஞ்சட் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் வீட்டு மூதாட்டியர் அறிந்த மருத்துவம். இந்தச் சின்னஞ்சிறு செடி ஒருமுறை உலக மருத்துவ அரங்கில் ஏறி நின்றது. கல்லீரல் புற்றுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று 'ஹெப்படைட்டிஸ் பி' என்னும் நச்சுயிரி. இதன் அடையாளத்தை 1960களில் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பர்க். அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நச்சுயிரியை உடலில் நிலையாகச் சுமந்து திரிந்தவர்களுக்குச் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் முதலிய ஆய்வாளர்கள் கீழாநெல்லிப் பொடியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். அவர்களோடு பிளம்பர்க்கும் சேர்ந்துகொண்டார். 1988இல் 'லான்செட்' ஏட்டில் முடிவு வெளிவந்தது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்தது.

எத்துணை பெரிய செய்தி! ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் இந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. செடி விளைந்த மண், பறித்த பருவம், பொடித்த முறை எல்லாம் வேறுபட்டால் உள்ளிருக்கும் பொருளின் அளவும் வேறுபடும். ஆகவேதான், தாவரத்தில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருக்குமானால், அந்த ஆற்றலுக்குரிய பொருளைத் தனியே பிரித்தெடுத்து அளந்து கொடுக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்த வேலை அதற்கு 30 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

கரைய மறுத்த மருந்துகள்

சீனத்தில் வளரும் 'காம்ப்டோதீக்கா' என்ற மரத்தின் சாறு புற்றை எதிர்க்கிறது என்பது 1950களின் இறுதியில் அமெரிக்கச் சோதனைச் சாலைகளில் தெரியவந்தது. வட கரோலினாவில் பணியாற்றிய மன்ரோ வால் என்பவரும், நம் நாட்டின் மகாராட்டிரத்து நந்துர்பாரில் பிறந்து அங்கே சென்ற மன்சுக் வாணி என்பவரும் சேர்ந்து அச்சாற்றிலிருந்து 'காம்ப்டோதெசின்' என்ற பொருளைப் பிரித்து 1966இல் வெளியிட்டனர். அதே இருவர் 1971இல் அமெரிக்கப் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து 'டாக்சால்' என்ற பொருளின் அமைப்பையும் கண்டு சொன்னார்கள். ஒரே கூடத்தில், ஐந்தாண்டு இடைவெளியில், இரு பெரும் சரக்குகள்! காம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் 'மாப்பியா' என்ற சிறு மரத்திலும் இருக்கிறது என்பதை 1972இல் வெளியிட்டவர்கள் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் ஆவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துப் பின்பு பம்பாயிலிருந்த ஆய்வு மையத்தை நடத்திய கோவிந்தாச்சாரியார், தமிழகம் பெருமையோடு நினைக்க வேண்டிய அறிஞர்.

ஆனால் இரண்டு சரக்குகளுக்கும் ஒரே குறை இருந்தது. அவை நீரில் கரையவில்லை. இரத்தமோ பெரும்பகுதி நீர். கரையாத பொருளை நரம்பில் செலுத்துவது எப்படி? காம்ப்டோதெசினைக் கரையும் உப்பாக மாற்றி 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்தனர். உப்பாக மாறியபோது மருந்தின் ஆற்றல் குன்றியது, நச்சோ குன்றவில்லை. சிறுநீர்ப் பையில் இரத்தம் கசிந்தது. சோதனை கைவிடப்பட்டது. கரையக்கூடிய உறவுப் பொருள்கள் உருவாகி மருந்தாக நிலைபெறுவதற்கு 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

டாக்சாலுக்கு வேறு வழி தேடினர். ஆமணக்கெண்ணெயை வேதியியல் முறையில் மாற்றிப் பெற்ற ஒரு கரைப்பானிலும் சாராயத்திலும் அதைக் கரைத்தனர். 1992இல் சூலகப் புற்றுக்கு அது மருந்தாக ஏற்கப்பட்டது. எத்தனையோ பெண்களின் வாழ்நாளை அது நீட்டித்தது. ஆயினும் அந்தக் கரைப்பானே பலருக்கு ஒவ்வாமையைத் தந்தது. மூச்சுத் திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வராமல் தடுக்க, முன்கூட்டியே வேறு மருந்துகளைச் செலுத்த வேண்டியிருந்தது. சரக்கினால் வரும் துன்பம் போதாதென்று கலத்தினாலும் துன்பம் வந்தது என்க.

கொழுப்புக் குமிழியின் பிறப்பு

இந்நிலையில் கலம் கட்டும் கலை வேறொரு மூலையில் தானே பிறந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரை அடுத்த பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம் என்னும் அறிஞர் 1960களின் தொடக்கத்தில், உயிரணுச் சவ்வுகளில் காணப்படும் ஒருவகைக் கொழுப்பை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே மிக நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டுகொண்டது. உள்ளே நீர், சுற்றிலும் கொழுப்புச் சுவர். நீரில் கரையும் மருந்தை உள்ளறையிலும், கரையாத மருந்தைச் சுவரிலும் ஏற்றலாம். இதற்கு 'லிப்போசோம்' என்ற பெயர் நிலைத்தது. இதை மருந்து சுமக்கும் கலமாக்கலாம் என்று 1970களின் தொடக்கத்தில் இலண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸ் முதலியோர் செய்து காட்டினர்.

இத்தகைய துகள்களையே இன்று நானோ துகள் என்கிறோம். நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக வகுத்ததில் ஒரு பங்கு. 100 நானோ மீட்டர் குறுக்களவுள்ள துகள்களை வரிசையாக அடுக்கினால், ஒரு சிவப்பு இரத்த அணுவின் அகலத்துக்கு ஏறத்தாழ 70 துகள்கள் வேண்டும்.

லிப்போசோமில் ஏற்றிய புற்று மருந்து 1995இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஏற்கப்பட்டது. அதில் இருந்தது மண்ணில் வாழும் நுண்ணுயிரி தந்த 'டாக்சோரூபிசின்'. தாவரச் சரக்குக்கு 2005இல் காலம் கனிந்தது. ஆமணக்குக் கரைப்பானை அறவே நீக்கிவிட்டு, இரத்தத்தில் இயல்பாக உள்ள 'ஆல்புமின்' என்ற புரதத்தில் டாக்சாலைப் பிணைத்து, ஏறத்தாழ 130 நானோ மீட்டர் அளவுள்ள துகளாக்கினர். அது முதலில் மார்பகப் புற்றுக்கும் பின்னர் நுரையீரல், கணையப் புற்றுகளுக்கும் ஏற்கப்பட்டது. காம்ப்டோதெசினின் வழிவந்த 'இரினோடெகான்' என்ற மருந்தும் லிப்போசோமில் ஏறிக் கணையப் புற்றுக்கு 2015இல் வந்தது. ஆக, நானோ துகள் என்பது கடைக்காரர் கட்டிய கற்பனையன்று. உண்மையில் உயிர்களை நீட்டித்த ஒரு கலை. ஆல்புமினைப் படைத்து இரத்தத்துக்கு அளிக்கும் உறுப்பு கல்லீரலே என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது. பிற உறுப்புகளின் நோய்க்குக் கலம் தந்த அந்த உறுப்புக்குத் தன் நோயில் அக்கலம் ஏன் உதவவில்லை?

ஈரலின் காவலர்கள்

கல்லீரலின் வேலைகளுள் ஒன்று, இரத்தத்தில் வரும் அயற்பொருளை வடிகட்டுவது. அதற்கெனத் தனிக் காவல் அணுக்கள் அங்கே இரத்த வழிகளின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றன. 1876இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞரின் பெயரால் அவை குப்ஃபர் அணுக்கள் எனப்படும். நரம்பில் செலுத்திய துகள்களைப் பெருமளவில் விழுங்குபவை இவையே. லிப்போசோம்களை எலிகளுக்குச் செலுத்திய தொடக்க கால ஆய்வாளர்களும் அவற்றில் பெரும்பகுதி ஈரலில் சேர்வதையே கண்டனர்.

அப்படியானால் ஈரல் புற்றுக்கு இது எளிய வழியாயிற்றே என்று நாம் எண்ணுவோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கலம் ஈரல் என்ற துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் காவலர்கள் சரக்கைப் பறிமுதல் செய்துவிடுகிறார்கள். புற்றணுவின் வாயில்வரை அது போவதில்லை.

புற்றுக் கட்டியின் இரத்த நாளங்கள் ஓட்டையானவை. பெரிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும் என்று சப்பானின் குமமோட்டோ நகரத்து அறிஞர் ஹிரோஷி மயேடாவும் அவருடன் மட்சுமுராவும் 1986இல் எழுதினர். நானோ மருந்துக் கலையின் பெரும்பகுதி இந்தக் கருத்தின்மேல் எழுந்ததே. மயேடா கல்லீரல் புற்றுக்கே ஒரு மருந்தையும் உருவாக்கினார். நுண்ணுயிரி தந்த ஒரு புரத மருந்தைச் செயற்கைப் பொருளோடு பிணைத்து, கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றிய 'லிப்பியோடால்' என்ற நெய்யில் கலந்து, ஈரலுக்குச் செல்லும் தமனியிலேயே நேராகச் செலுத்தும் முறை அது. நல்ல ஈரலணுக்கள் பெரும்பான்மை இரத்தத்தைக் குடலிலிருந்து வரும் சிரையின் வழியே பெறுகின்றன. புற்றுக் கட்டியோ தமனியின் இரத்தத்தையே நம்பி வளர்கிறது. ஆதலால் தமனியில் செலுத்திய எண்ணெய் கட்டியில் போய்த் தங்குகிறது. 1993இல் சப்பான் அரசு இந்த மருந்தை ஏற்றது. லிப்பியோடால் எண்ணெய் ஈரல் தமனிச் சிகிச்சைகளில் இன்றும் பயன்படுகிறது. கல்லீரல் புற்றில் உண்மையாகவே நிலைபெற்ற தாவரக் கலம் எது என்று கேட்டால், இந்தக் கசகசா எண்ணெயைச் சொல்லலாம்.

நரம்பின் வழியே அனுப்பிய கலங்களுக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. டாக்சோரூபிசினை நானோ துகளில் ஏற்றி, முன் சிகிச்சையில் பயன் காணாத கல்லீரல் புற்று நோயாளிகள் 397 பேரிடம் நடத்திய பெருஞ்சோதனை 2017இல் முடிவுற்றது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற சிகிச்சைகளைவிட அது ஆயுளை நீட்டிக்கவில்லை. அதே மருந்தை வெப்பத்தால் உடையும் லிப்போசோமில் ஏற்றி 701 பேரிடம் நடத்திய வேறொரு சோதனை 2013இல் ஏமாற்றம் தந்தது. மேலும் நூற்றுக்கணக்கானவர்களிடம் அதைத் தொடர்ந்து பார்த்ததும் 2020க்குள் அவ்வாறே முடிந்தது. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு 2016இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விளக்கம் தருகிறது. செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுத்தர அளவில் நூற்றுக்கு 0.7 பங்கே. நூறு கலங்கள் புறப்பட்டால் ஒன்றுகூட முழுமையாய்க் கரை சேரவில்லை என்றன்றோ இதற்குப் பொருள்! அவ்வாய்வுகளும் பெரும்பாலும் எலிகளிடம் நடந்தவை.

மஞ்சளும் மிளகும்

இனி, நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறப்பொருளான 'குர்குமின்' 1815இல் பிரிக்கப்பட்டது; அதன் அமைப்பு 1910இல் அறியப்பட்டது. கேரளத்துத் திருச்சூரில் உள்ள அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தினர் 1985இல், மஞ்சளுக்குப் புற்றை எதிர்க்கும் ஆற்றல் இருக்கக்கூடும் என்பதைச் சோதனைக் குழாயிலும் எலிகளிலும் காட்டினர். அதன்பின் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுகள் எழுந்தன. கல்லீரல் புற்றணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அவற்றின்மேல் குர்குமினைச் சொரிந்தபோது அவை மடிந்தன. ஆனால் மனிதன் உண்டபோது? குர்குமினும் நீரில் கரையாது. குடல் அதில் மிகச் சிறிதளவையே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் ஈரல் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

இதற்கும் கலம் தேடினர். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்றில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்ததாகக் கண்டனர். 2007இல் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து குர்குமினை நானோ துகளில் ஏற்றி நீரில் கலக்கும்படி செய்தனர். ஆயினும், 2017இல் மருந்து வேதியியலார் சிலர் அதுவரை நடந்த 120க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளைப் பார்வையிட்டு, வெற்று மருந்தோடு முறையாக ஒப்பிட்டு நடத்திய எந்தச் சோதனையிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினர்.

இதோடு முடிந்திருந்தால் பொருட்செலவோடு போயிற்று என்றிருக்கலாம். 2022இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, மஞ்சள் மாத்திரை உண்டு கல்லீரல் கெட்ட 10 பேரின் வரலாற்றை வெளியிட்டது. அவர்களில் 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். சோதித்த 7 மாத்திரை வகைகளில் மூன்றில் மிளகுச் சத்தும் இருந்தது. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றிய செய்தி அன்று இது. உடலில் அதிகமாக ஏற வேண்டும் என்று செறிவூட்டி விற்கப்படும் மாத்திரையைப் பற்றியது. ஒன்றை எளிதாக உள்ளே ஏற்றும் வழியைத் திறந்தால், அவ்வழியே நன்மை மட்டும் நுழையும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்கனவே நலிந்திருக்கும் ஈரலுக்கு இந்தச் சுமை இன்னும் ஆபத்தானது.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 'அரிஸ்டோலோக்கியா' என்னும் செடியினத்தில் உள்ள அமிலம் மனிதரில் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் நூற்றுக்கு 78இல் அந்த அமிலம் விட்டுச் சென்ற தழும்பு மரபணுக்களில் காணப்பட்டது. நம் நாட்டில் ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை என்று வழங்கும் செடிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இன்று நம் கையில் உள்ளவை

முயற்சி தோற்றுவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஈரலணுவின் மேற்புறத்தில் ஒருவகைச் சர்க்கரையை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் வாயில் இருப்பதை ஆஷ்வெல், மோரெல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். அந்தச் சர்க்கரையை முகவரிச் சீட்டுப் போல ஒட்டி அனுப்பினால் மருந்து காவலர்களைக் கடந்து ஈரலணுவையே அடைகிறது. கொழுப்புத் துகளில் ஏறிய மருந்து ஒன்று 2018இலும், சர்க்கரைச் சீட்டு ஒட்டிய மருந்து ஒன்று 2019இலும் வேறு சில பரம்பரை நோய்களுக்கு ஏற்கப்பட்டுவிட்டன. ஈரலணுவுக்கு வழி திறந்துவிட்டது; புற்றாக மாறிய அணு அந்த வாயிலைப் பல வேளைகளில் அடைத்துக்கொள்கிறது என்பதே எஞ்சியுள்ள தடை. சீனத்தில் 'எப்பிமீடியம்' என்ற மூலிகையிலிருந்து பெற்ற 'இக்காரிட்டின்' முற்றிய கல்லீரல் புற்றுக்கு 2022இல் ஏற்கப்பட்டது. ஆனால் தாவரப் பொருளை நானோ துகளில் ஏற்றிக் கல்லீரல் புற்றைக் குணப்படுத்தும் மருந்து, உலக மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட சிகிச்சையாக இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று கூறி ஒருவர் குப்பியை நீட்டினால், எத்தனை நோயாளிகளிடம், எந்தச் சோதனையில், எதனோடு ஒப்பிட்டு மெய்ப்பிக்கப்பட்டது என்று தயங்காமல் கேட்க வேண்டும். நோயாளி உண்ணும் எந்த மூலிகையையும் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மருந்துக்குக் கலம் தேடும் வேலை ஆய்வாளருடையது. நோய்க்கு வாயிலை அடைக்கும் வேலையில் நமக்கும் பங்குண்டு. தைவான் அரசு 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்று, 1990க்கும் 1994க்கும் இடையில் 0.36 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய பாதி! இந்தியாவில் இத்தடுப்பூசி 2002இல் சில இடங்களில் தொடங்கி 2011இல் நாடு முழுவதும் விரிவடைந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நச்சுயிரி இருப்பது தெரிந்தால் மற்றவர்களும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் தானியத்தையும் வீணாகிறதே என்று சமையலில் சேர்க்கக் கூடாது. அப்பூஞ்சையின் நஞ்சும் ஈரல் புற்றுக்கு ஒரு காரணம்.

வாலும் வாணியும் கண்டெடுத்த டாக்சால் முதல் நோயாளிகளுக்கு மருந்தாக ஏற்கப்படுவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தனக்கேற்ற கலத்தில் ஏற 34 ஆண்டுகள் ஆயின. கல்லீரல் புற்றுக்கும் அப்படியொரு நாள் வரக்கூடும். அதுவரை, நோயுற்றவரின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் நாம், அவர் கையில் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் தெரிந்து கொடுப்போம்.